பூசைக்கு வாசிக்கலாமா, ஓவிய வகுப்பு எங்கே போனது?: பத்தாம் வகுப்பு மாணவியின் தாய்க்குப் பதில்

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

தென்மாவட்டத்துச் சிறுநகர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கன்னியர் சபை நடத்தும், அரசு உதவி பெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் அவருடைய மகள் இந்த ஜூனில் பத்தாம் வகுப்புக்கு வந்திருக்கிறாள். குடும்பம் இந்துக் குடும்பம். ஏழாம் வகுப்பில் பள்ளிப் பாடகர் குழுவில் சேர்ந்தவள், ஒரு சிஸ்டரிடம் காசில்லாமல் கீபோர்டு கற்றுக்கொண்டு, கேட்ட பாட்டைக் கேட்டபடி வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். இப்போது மாதத்தின் முதல் வெள்ளி திருப்பலிக்கும் (பூசைக்கும்) கிறிஸ்துமஸுக்கும் வாசிக்க வரச் சொல்கிறார்கள். மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. மறுத்தால் டி.சி. கொடுத்துவிடுவார்களோ, மார்க்கில் கை வைத்துவிடுவார்களோ என்று தாய்க்குப் பயம்.

மகள் நன்றாக வரைவாள். ஆனால் ஓவிய ஆசிரியை ஓய்வு பெற்று இரண்டு வருடமாக அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. ஓவியப் பீரியடில் கணக்கு டெஸ்ட் நடக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டப்படி புகார் கொடுக்கலாமா என்று கேட்கிறார். வெளியே ஒரு கீபோர்டு மாஸ்டர், மேற்கத்திய இசைத் தேர்வில் ‘நேராக ஐந்தாம் கிரேடு எழுத வைக்கிறேன், சர்ட்டிபிகேட் இருந்தால் பத்தாம் வகுப்பில் கூடுதல் மார்க் உண்டு’ என்று 18,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். இரும்புக்கடை வைத்திருக்கும் கணவரோ, ‘பத்தாவது முடியும்வரை எல்லாவற்றையும் மூட்டை கட்டு’ என்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். பாதிக்கு மேல் பூசையும் மாமியாரின் கோபமும். ஓவிய வகுப்புக்கு ஒரு பத்தி, கீபோர்டு மாஸ்டருக்கு இன்னொன்று. எல்லாம் முடிந்து கையெழுத்துக்கு மேலே, ‘இவள் ஆர்க்கிடெக்ட் ஆகணும், இல்லாவிட்டால் ஓவியக் கல்லூரி என்கிறாள், அப்படியானால் பதினொன்றில் ஆர்ட்ஸ் குரூப்தானே சேர்க்க வேண்டும்?’ என்று ஒரே ஒரு வரி. உங்களை அதிகம் அலைக்கழிக்கும் விஷயம் ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தால் தீர்ந்துவிடும். மகளின் பாதையை மாற்றக்கூடியது அந்தக் கடைசி வரிதான். ஆனாலும் பூசைப் பேச்சு தீராமல் வீட்டில் வேறு எதையும் பேச முடியாது என்பது தெரிகிறது. அங்கிருந்தே தொடங்கலாம்.

பூசையில் வாசிப்பது: முடிவு உங்கள் கையில்

நம் அரசியலமைப்பின் 28(3) பிரிவு இதற்கென்றே இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு நிதி உதவி பெறும் கல்வி நிறுவனத்தில் படிக்கும் எவரையும் அங்கே நடக்கும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ அவருடைய சம்மதம் இல்லாமல் பங்கெடுக்கச் சொல்ல முடியாது. மைனர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். உங்கள் மகளுக்கு 15 வயது. ஆகவே சம்மதம் உங்களுடையது. ‘சிறுபான்மையினர் பள்ளி, அவர்கள் வைத்ததுதான் சட்டம்’ என்று உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 30(1) பிரிவு பள்ளியை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை அவர்களுக்குத் தருகிறது. அந்த உரிமை 28(3) உங்களுக்குத் தரும் பாதுகாப்பை எடுத்துவிடாது.

பாட மறுத்த பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நீக்கிய வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1985இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தங்கள் நம்பிக்கை இடம் தரவில்லை என்று தேசிய கீதத்தைப் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்றார்கள். நீக்கியது தவறு, திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று 1986இல் தீர்ப்பு வந்தது. தேசிய கீதத்துக்கே அந்த நிலை என்றால், ஒரு திருப்பலியில் கீபோர்டு வாசிக்க முடியாது என்று சொன்னதற்காக டி.சி. கொடுப்பதாவது! அந்தப் பயத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

மார்க் பயமும் அப்படித்தான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு விடைத்தாள்களை உங்கள் பள்ளி திருத்துவதில்லை. பள்ளியில் வைத்து மதிப்பெண் போடுவது அறிவியல் செய்முறையின் 25 மட்டும். ரெக்கார்டு நோட்டை ஒழுங்காக முடித்து, செய்முறையை ஒழுங்காகச் செய்யும் பிள்ளைக்கு அதில் குறைக்க ஒன்றும் இருக்காது.

திருச்சபையின் சொந்தச் சட்டமும் உங்கள் பக்கம்தான் நிற்கிறது என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 748ஆம் பிரிவு, யாரையும் அவர் மனசாட்சிக்கு மாறாகக் கத்தோலிக்க நம்பிக்கையை ஏற்கும்படி வற்புறுத்தக் கூடாது என்கிறது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையும் 2024இல் தன் பள்ளிகளுக்குத் தந்த வழிகாட்டுதல்களில், பிற சமய மாணவர்கள்மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே தலைமை ஆசிரியை சிஸ்டரிடம் நீங்கள் சண்டைக்குப் போகும் தோரணையில் போக வேண்டியதில்லை. அவர் ஏற்கெனவே அறிந்த ஒன்றைத்தான் சொல்லப் போகிறீர்கள்.

இனி மாமியார். அவருடைய பயம், பேத்தி பூசையில் வாசித்தால் வேதத்தில் (கிறிஸ்தவ சமயத்தில்) சேர்த்துவிடுவார்கள் என்பது. கத்தோலிக்க முறையில் ஒருவரைச் சபையில் சேர்ப்பது திருமுழுக்கு. விவரம் தெரிந்த வயதில் உள்ளவருக்கு, அவரே கேட்டு, நீண்ட தயாரிப்புக்குப் பிறகுதான் அது நடக்கும். ஆர்மோனியப் பெட்டி முன்னால் உட்கார்ந்ததால் யாரும் கிறிஸ்தவராகிவிடுவதில்லை. இன்னொன்றையும் சொல்லுங்கள்: நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) வாங்க எல்லாரும் வரிசையில் போகும்போது இவள் போக வேண்டியதில்லை, போகவும் கூடாது. அது கத்தோலிக்கருக்கு மட்டும் உரியது. அந்த நேரத்தில் இவள் திருவிருந்துப் பாடல் வாசித்துக்கொண்டிருப்பாள். இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

மாமியார் பாட்டு கேட்கிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். அவர் எழுதிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைக் கச்சேரி மேடையில் எந்தச் சமயத்தாரும் கூச்சமில்லாமல் பாடுகிறார்கள். திருச்சி மறைமாவட்டத்தின் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரியில் பரதமும் கர்நாடக சங்கீதமும் பட்டப்படிப்பாக இருக்கின்றன. பாட்டுக்கு இந்த ஊரில் இப்படியும் ஒரு வழக்கம் உண்டு. சொல்லிப் பாருங்கள். அதற்கும் இளகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வீட்டில் பெரியவர் ஒருவரின் மனதுக்காகப் பூசையைத் தவிர்ப்பதும் நியாயமான முடிவே.

முடிவெடுக்கும்போது நான்கையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். காலை அசெம்பிளி ஜெபத்தின்போது மற்றவர்களோடு அமைதியாக நின்றால் போதும். மறைக்கல்வி கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு; அந்த நேரத்தில் உங்கள் மகளுக்கு நன்னெறி வகுப்பு. ஆண்டு விழா, விளையாட்டு விழா, கிறிஸ்துமஸ் கலைநிகழ்ச்சி எல்லாம் மேடை நிகழ்ச்சிகள். திருப்பலி, ஜெபக்கூட்டம் போன்றவைதான் வழிபாடு. மேடைக்குச் சரி, திருப்பலிக்கு வேண்டாம் என்று நீங்கள் பிரித்துச் சொல்லலாம். இப்படி எழுதினால் போதும்:

‘மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை சிஸ்டர் அவர்களுக்கு, என் மகள் பாடகர் குழுவில் தொடர்ந்து இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். பள்ளி விழாக்களிலும் கலைநிகழ்ச்சிகளிலும் அவள் வாசிக்க எங்களுக்கு முழுச் சம்மதம். திருப்பலி, ஜெபக்கூட்டம் ஆகியவற்றில் வாசிப்பதிலிருந்து மட்டும் அவளுக்கு விலக்குத் தரும்படி வேண்டுகிறோம். அவளுக்கு இசை கற்றுத்தந்த சிஸ்டருக்கு எங்கள் நன்றி.’

பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். காரணமோ சட்டப் பிரிவோ எதுவும் எழுத வேண்டாம். அதெல்லாம் உங்கள் மனத்தெம்புக்கு. நன்றி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூன்று வருடம் காசு வாங்காமல் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

ஒருவேளை வாசிக்கட்டும் என்று முடிவு செய்தால், அவளுக்கு அதில் என்ன கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வருகைப் பாடல், பதிலுரைப் பாடல், அல்லேலூயா, காணிக்கைப் பாடல், தூயவர், திருவிருந்துப் பாடல், நன்றிப் பாடல் என்று ஒரே மணி நேரத்தில் ஏழெட்டுப் பாட்டு. இருபது குரல்களுக்குப் பின்னால் வாசிக்க வேண்டும். பாடுகிறவர் இழுத்தால் இழுக்க வேண்டும், குருவானவர் பீடத்தில் முடித்துவிட்டால் பாட்டைப் பாதியில் அழகாக முடிக்க வேண்டும். தனியாக வீட்டில் வாசிப்பவருக்கு இந்தப் பயிற்சி கிடைக்காது. இதில் ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். அதைக் கிரேடு பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

ஓவியப் பீரியட்

இங்கே உங்கள் நம்பிக்கையைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. 2009இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். அதன் அட்டவணையில் ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளிக்குக் கலைக் கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநர் வேண்டும் என்று இருப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. 2025இல் வேறோர் அமர்வு அந்தத் தீர்ப்பைப் பற்றி ஐயம் எழுப்பியிருக்கிறது; அதன் முடிவு வருவதற்குள் உங்கள் மகள் கல்லூரிக்கே போய்விடலாம். எப்படியும் பத்தாம் வகுப்புக்கு அந்தச் சட்டம் எட்டாது. ஆகவே அதைக் காட்டிப் புகார் எழுதினால் தபால் செலவுதான் மிச்சம்.

வேறு கேள்வி கேளுங்கள்: ஓவிய ஆசிரியை இருந்தது அரசு அனுமதித்த சிறப்பாசிரியர் பணியிடமா, நிர்வாகமே சம்பளம் கொடுத்த இடமா? அரசு அனுமதித்த இடம் என்றால், நிரப்ப வேண்டும் என்று நிர்வாகம் நினைத்தாலும் நியமனத்துக்குக் கல்வித் துறையின் ஒப்புதல் வர வேண்டும். கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று தாளாளரிடம் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கே ஒரு மனு போடலாம்: இந்தப் பள்ளிக்கு எத்தனை சிறப்பாசிரியர் பணியிடங்கள் அனுமதிக்கப்பட்டுள்ளன, எவை காலி, எந்தத் தேதியிலிருந்து காலி. இந்த மூன்று மட்டும் போதும். மனுவில் குறைகூறும் வாக்கியம் ஒன்று கூட வேண்டாம்.

நிர்வாகம் சம்பளம் கொடுத்த இடம் என்றால் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம்தான் வழி. ‘டிராயிங் பீரியட் வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். ஆறு முதல் ஒன்பது வரை வாரத்துக்கு ஒரு பீரியட், அதை டெஸ்டுக்கு எடுப்பதில்லை, வாரம் இரண்டு நாள் வரும் பகுதி நேர ஆசிரியர் ஒருவர் என்று அளவோடு கேளுங்கள். பத்தாம் வகுப்புக்குச் சேர்த்துக் கேட்டால் மொத்தமும் போய்விடும். பொதுத்தேர்வு வகுப்பில் அந்தப் பீரியடைக் கணக்கு ஆசிரியர் விடமாட்டார். இது கத்தோலிக்கப் பள்ளிக்கு மட்டும் உரிய வியாதி இல்லை, எந்தப் பள்ளியிலும் பார்க்கலாம். உங்கள் மகளுக்கு இந்த வருடம் பள்ளி ஓவிய வகுப்பு கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு வீட்டில் ஏற்பாடு செய்யுங்கள்.

கிடைக்கக்கூடிய இரண்டு வாசல்கள் உண்டு. பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழா 2024–25 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் நடக்கிறது. 9, 10ஆம் வகுப்புகள் ஒரே பிரிவு. பெயரைப் பள்ளிதான் பதிவு செய்ய வேண்டும், ஆகவே முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மற்றொன்று, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வு. ஓவியம், இசை, தையல் முதலியவற்றில் லோயர் கிரேடு, ஹையர் கிரேடு என்று இருக்கும். நாளை ஓவிய ஆசிரியை வேலைக்குப் போக நினைத்தால் ஹையர் கிரேடு உதவும். கட்டணமும் சொற்பம். ஆனால் இந்த வருடமே எழுத வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

18,000 ரூபாய்க்கு ஐந்தாம் கிரேடு

மேற்கத்திய இசைத் தேர்வுச் சான்றிதழ் எதற்கும் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் ஒரு மார்க்கும் கூடாது. ஐந்து பாடம், ஐந்நூறு மதிப்பெண், அவ்வளவுதான். பொறியியல், மருத்துவக் கலந்தாய்விலும் இதற்கு இடமில்லை. பிரிட்டனில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு 6 முதல் 8 வரையிலான கிரேடுகளுக்குப் புள்ளிகள் உண்டு; இந்தப் பேச்சு அங்கிருந்து கடல் தாண்டி வந்திருக்கக்கூடும்.

‘நேராக ஐந்தாம் கிரேடு’ என்பதிலும் பாதி உண்மை இருக்கிறது. இங்கிலாந்தின் இசைத் தேர்வு போர்டுகளான டிரினிட்டி ஆகட்டும், ஏ.பி.ஆர்.எஸ்.எம். ஆகட்டும், கீழ்க் கிரேடுகளை எழுதாமலே மேலே போகலாம், தடை இல்லை. ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் 6, 7, 8 வாசிப்புத் தேர்வுக்கு முன் ஐந்தாம் கிரேடு தியரி முடித்திருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை. மாஸ்டர் எதைச் சொல்கிறார், எந்தப் போர்டு, தியரியா வாசிப்பா என்று முதலில் கேளுங்கள். இன்னொன்று முக்கியம்: எலக்ட்ரானிக் கீபோர்டுக்கென்று தனித் தேர்வு டிரினிட்டியில் இருக்கிறது, ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் இல்லை, அங்கே பியானோதான். உங்கள் மகள் மூன்று வருடமாக வாசிப்பது கீபோர்டு. இரண்டுக்கும் விரல் அழுத்தமே வேறு.

மகள் எந்த நிலையில் இருக்கிறாள் என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். அவள் இதுவரை பார்த்திராத, முதல் கிரேடு அளவிலான எட்டு பார் (தாளக் கட்டம்) நீளமுள்ள நொட்டேஷன் (எழுதிய இசைக்குறிப்பு) ஒன்றைக் கொடுங்கள். அரை நிமிடம் பார்க்கட்டும். தேர்விலும் அரை நிமிடம்தான் தருவார்கள். பிறகு இரண்டு கையாலும் நிற்காமல் வாசிக்கட்டும். தடுமாறினால் ஐந்தாம் கிரேடு பேச்சே வேண்டாம். மூன்று துண்டுகளை மனப்பாடமாக உருப்போட வைத்து மாஸ்டர் பாஸ் வாங்கித் தந்துவிடலாம். டிரினிட்டியில் 100க்கு 60 எடுத்தால் பாஸ். ஆனால் ஆறாவது கிரேடில் கால் வைக்கும்போது அவளுக்கு ஒன்றும் புரியாது; அங்கேதான் பிள்ளைகள் கீபோர்டை உறை போட்டு மூடுகிறார்கள்.

மேலே சொன்ன கெட்ட பழக்கம் இதுதான். குழு எந்தச் சுருதியில் பாடினாலும், சுருதியை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிட்டு, விரல் மட்டும் எப்போதும் வெள்ளைக் கட்டைகள் மட்டும் வரும் சி மேஜர் ஸ்கேலிலேயே ஓடும். காதுக்குச் சரியாகக் கேட்கும். கறுப்புக் கட்டைகள் எதற்கு என்று கைக்குத் தெரியாது. இடக்கை மூன்று நான்கு கார்டுகளோடு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளோடு) நின்றுவிடும், தாளத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும். காதால் வாசிக்கும் திறமை அருமையானது, அதை யாரும் குறைவாகப் பேச வேண்டாம். ஆனால் ஒரு மாதம் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தொடாமல், தெரிந்த பாட்டு ஒன்றையே முதலில் ஜி, பிறகு எஃப், பிறகு டி என்று மூன்று ஸ்கேலில் வாசிக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் அழுவாள். நான்காவது வாரம் தானே வேறு பாட்டை எடுப்பாள்.

மாஸ்டரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம். மாதக் கட்டணம், நொட்டேஷன் வாசிப்பில் தொடக்கம், இரண்டாம் அல்லது மூன்றாம் கிரேடு இலக்கு, தேர்வு அடுத்த கோடை விடுமுறைக்குப் பிறகு. இதற்கு ஒத்துக்கொண்டால் சேர்க்கலாம். தேர்வுக் கட்டணத்தைப் போர்டின் ரசீது பார்த்துத் தனியாகக் கட்டுங்கள். வீட்டுக்குக் கருவி வாங்குவதானால் 61 கட்டை, முழு அளவுக் கட்டைகள், மெல்லத் தொட்டால் மெல்லவும் அழுத்தினால் உரக்கவும் ஒலிக்கும் தொடு உணர்வு, ஹெட்போன் துளை ஆகிய நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். சின்னக் கட்டை வைத்த பொம்மைக் கீபோர்டில் பழகிய விரல் பெரியதில் இடறும்.

அந்தக் கடைசி வரி: ஆர்ட்ஸ் குரூப்

சகோதரி, பதினொன்றாம் வகுப்பின் ஆர்ட்ஸ் குரூப்புக்கும் ஓவியத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது வரலாறு, பொருளாதாரம், வணிகவியல், கணக்குப் பதிவியல். ‘கலைப் பிரிவு’ என்ற பெயரைப் பார்த்து, வரையும் பிள்ளையை அங்கே சேர்த்துவிட்டு, இரண்டு வருடம் கழித்துக் கட்டடக் கலைக்கு விண்ணப்பம் போடும்போதுதான் பல வீடுகளில் விழிக்கிறார்கள்.

கட்டடக் கலைப் பட்டமான பி.ஆர்க். சேர +2வில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம். காமர்ஸ் குரூப்பில் வணிகக் கணிதம் படித்தாலும் இயற்பியல் இல்லாததால் கதவு மூடிவிடும். இதற்கு நாட்டா என்ற தனித் தகுதித் தேர்வும் உண்டு. அண்மை ஆண்டுகளின் முறைப்படி தாளில் வரையும் பகுதிக்கு 80, கணினிப் பகுதிக்கு 120. தமிழ்நாட்டுத் தரவரிசையில் +2 மதிப்பெண்ணும் சேரும் என்பதால், வரைந்தால் மட்டும் போதாது.

ஓவியக் கல்லூரி வேறு கதை. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. அங்கும் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியிலும் நுண்கலைப் பட்டமான பி.எஃப்.ஏ. நான்கு வருடம், எந்தக் குரூப் என்று பார்ப்பதில்லை, நுழைவுத் தேர்வில் எப்படி வரைகிறாள் என்பதைப் பார்ப்பார்கள். சிற்பத்திலும் மரபுக் கட்டடக் கலையிலும் நாட்டம் இருந்தால் மாமல்லபுரத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யின் படிப்புக்கும், ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்டின் பெரும்பாலான வடிவமைப்புப் படிப்புகளுக்கும் குரூப் தடை இல்லை. இசை என்றால் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள்.

ஆக, கணக்கில் அவள் எப்படி என்பதே கேள்வி. நீங்கள் அதை எழுதவில்லை. எழுபது, எண்பது வாங்குகிறவள் என்றால் கணிதம் உள்ள அறிவியல் குரூப்பில் சேருங்கள். உயிரியல் சேர்ந்ததோ கணினி அறிவியல் சேர்ந்ததோ எதுவானாலும் எல்லாக் கதவும் திறந்திருக்கும். கணக்கு என்றாலே காய்ச்சல் வருகிறவள், கட்டடக் கலை ஆசையும் தோழி சொல்லி வந்தது என்றால், இரண்டு வருடம் அவளை வதைத்து என்ன ஆகப்போகிறது? வரலாறு படித்துக்கொண்டே பி.எஃப்.ஏ.வுக்குத் தயாராகலாம். இந்தப் பேச்சை மே மாத ரிசல்ட் வரை தள்ளாமல் காலாண்டுத் தேர்வு மார்க் வந்ததும் மூவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

வீட்டில் எப்படி வரைய வேண்டும் என்று சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் அனுப்பிய ஆறு படங்களில் ஐந்து சினிமா நடிகர் முகங்கள். கட்டம் போட்டு போட்டோவிலிருந்து எடுத்தவை. கை சுத்தம், ஷேடிங் அருமை. ஆனால் நுழைவுத் தேர்வில் போட்டோ தரமாட்டார்கள். ஆறாவது படம், சமையல் மேடையில் ஒரு செம்பு, போட்டோ பார்க்காமல் வரைந்தது. அதில்தான் விஷயம் இருக்கிறது. செம்பின் வாயைச் சரியாக நீள்வட்டமாகப் போட்டிருக்கிறாள். அடிப்பாகத்தை நேர்க்கோடாக இழுத்துவிட்டாள், மேடை தட்டையாக இருக்கிறதே என்று. கண் மட்டத்துக்குக் கீழே போகப் போக வட்டம் அகலமாகத் தெரியும். எனவே அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக உருண்டிருக்க வேண்டும். அதே செம்பைத் தரையில் வைத்து நின்றுகொண்டு ஒன்று, மேசையில் வைத்து உட்கார்ந்து ஒன்று, அலமாரி மேல்தட்டில் வைத்து அண்ணாந்து பார்த்து ஒன்று என மூன்று படம் போடச் சொல்லுங்கள். மூன்றாவதில் வாய்க்குள் ஒன்றும் தெரியாது. விளிம்பு மேல்நோக்கி வளையும். கண்ணால் கண்டுபிடித்த இந்தப் பாடத்தை ரப்பர் இல்லாமல் 2பி பென்சிலால் வரையட்டும். தினம் ஒரு பக்கம், இருபது நிமிடம், மூலையில் தேதி. பழையதைக் கிழிக்கக் கூடாது.

அவள் அப்பாவிடம் என்ன சொல்வது

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் கேரல் ஒத்திகையும் ஒரே வாரத்தில் மோதும். மாலை ஆறரை வரை ஒத்திகை என்றால் மறுநாள் அறிவியல் தேர்வு என்னாவது? ஆகவே எல்லாவற்றையும் நிறுத்துவதற்குப் பதில் அளவை முதலிலேயே எழுதி வையுங்கள். இப்போது முதல் நவம்பர் வரை வாரம் ஒரு குழு ஒத்திகை, வாரம் நான்கு நாள் அரை மணி நேரம் கீபோர்டு, தினம் அந்த இருபது நிமிட ஓவியம். டிசம்பரில் மேடை ஒன்று மட்டும், ஒத்திகை மூன்றுக்கு மேல் இல்லை. ஜனவரியிலிருந்து தேர்வு முடியும்வரை குழுவுக்கு லீவு. ஓவியம் மட்டும் ஓடட்டும், அது அவளுக்கு இளைப்பாறலும் கூட. முழுக்க நிறுத்தினால் அரைகுறையாகக் கற்ற நொட்டேஷன் ஆறு மாதத்தில் மறந்துவிடும். அதைத் திரும்ப எடுப்பது புதிதாகத் தொடங்குவதைவிட எரிச்சலான வேலை.

ஜனவரி லீவுக்குச் சிஸ்டர் மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அவருக்கும் அது தோதான காலம். பிப்ரவரி, மார்ச்சில் தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) வந்துவிடும். அப்போது வழிபாட்டில் இசைக்கருவி பாடலுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கலாம், தனியாக வாசிப்பதில்லை. பெரிய வியாழன் பூசையில் பாடும் வானவர் கீதத்துக்குப் பிறகு, ஈஸ்டருக்கு முந்தைய இரவின் வானவர் கீதம் வரை ஆலய மணிகள் மௌனம்; இசைக்கருவி அப்போதும் பாடலுக்குத் துணையாக மட்டும். கீபோர்டுக்காரி இல்லாமல் குழு சமாளிக்கும் மாதங்கள் அவை.

ஜூலை முதல் வெள்ளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்கு முந்தைய வாரமே, பள்ளி விட்ட பிறகு, அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். திருப்பலி விலக்கு, ஜனவரி லீவு இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதி, ஒரு பிரதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மகளை வெளியே உட்கார வைக்காமல் உள்ளே அழைத்துப் போங்கள். அவள் முன்னால் பேசிவிட்டால் மறுநாள் வகுப்பில் அவள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.